பின்கண்ணாடிக்குள் ஒரு சூரியன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. ஒன்றை விட்டுவிடுவேன், அப்புறம் ஞாபகம் வந்து பாதியில் திரும்பிப் போவேன். என் வீட்டுக்காரர், "நீ சொல்றதக் கேட்டா நடந்ததே எனக்கு மறந்துபோகுது" என்று எழுந்து போய்விடுவார். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். நான் தப்பாகச் சொல்லி, நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டு, பயந்துபோய் வண்டியை விட்டு இறங்கிவிட்டால் என்ன செய்வது? இந்த நேரத்தில் விருதுநகர் பஸ்ஸும் கிடைக்காது உங்களுக்கு. ஆனால் சொல்லாமல் வண்டியை எடுப்பது நியாயம் இல்லை. ஓடும்போதும் சொல்ல முடியாது. ரோட்டைப் பார்த்தால் பேச்சு வராது எனக்கு, பேசினால் ரோடு தெரியாது.

பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் இழுங்கள். ஆங், டக்கென்று சத்தம் கேட்க வேண்டும்.

நீங்கள் பெண்ணுக்குச் சித்தி மகள் என்றீர்கள் இல்லையா? அப்படியென்றால் மேடைக்கு முன்னால் தட்டு வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அன்னாசிப் பழத்தில் மயில், பட்டுப் புடவையில் தாமரை, முந்திரிப் பருப்பில் பிள்ளையார். எல்லாம் நான் செய்ததுதான். சீர்த்தட்டு அலங்காரம்தான் என் தொழில். தங்கபுஷ்பம் என்றால் இந்தப் பக்கத்து மண்டபங்களில் எல்லாருக்கும் தெரியும். தட்டு, பெட்டி, தெர்மாகோல், ஜிகினாத் தாள் எல்லாம் திரும்ப வீட்டுக்குப் போக வேண்டும். பின்னால் பாருங்கள், கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறேன். சாதாரணக் கண்ணாடியில் பார்த்தால் எனக்கு என் தட்டுகள்தான் தெரியும். அதற்குப் பின்னால் யானை வந்தாலும் தெரியாது.

அதனால்தான் என் மகன் கதிரேசன் இந்தக் கேமராக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்தான். ஓசூரில் வேலை அவனுக்கு. புரட்டாசியில் லீவுக்கு வந்தபோது அவனே மாட்டினான். இதோ, இங்கே தொங்குகிறதே, பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். ஆனால் உண்மையில் டிவி. பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேலே பட்டாணி அளவுக்கு ஒரு கேமரா இருக்கிறது. அது பார்ப்பது இதில் தெரியும். தட்டு, பெட்டி எதுவும் மறைக்காது. முதல் வாரம் எவ்வளவு துல்லியம் தெரியுமா! எனக்குப் பின்னால் வந்த ஆட்டோக்காரர் கொட்டாவி விட்டதுகூடத் தெரிந்தது. நானும் கொட்டாவி விட்டேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

அன்றைக்கு வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். எங்கெல்லாம் வைப்போம்? முன்கண்ணாடி, ஸ்டியரிங், நாலு சக்கரம், லைட்டுகள். லைட்டு வண்டிக்குக் கண் இல்லையா? அப்படியென்றால் கேமரா? லைட்டாவது பார்க்காத கண். இது பார்க்கிற கண். இதை விட்டால் எப்படி? மோதிர விரலால் தொட்டு, அந்தப் பட்டாணி மேலேயே அழகாக ஒரு பொட்டு வைத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்தால் கண்ணாடி முழுக்க மஞ்சள், நடுவில் சிவப்பு. அம்மன் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. உடம்பே சிலிர்த்துப்போனது. ஆனால் அம்மனைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்ட முடியுமா? சூடம் காட்டி முடித்ததும் முந்தானையால் லேசாகத் துடைத்துவிட்டேன். சாமிப் பொட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, பாருங்கள். அதில் இருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வைக்கிறேன், சூடம் காட்டுகிறேன், துடைக்கிறேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

எங்கே விட்டேன்? ஆயுத பூஜை. அன்றைக்குப் பொரி வாங்கிப் போக என் மதினி வந்தார். ஞானசௌந்தரி, என் வீட்டுக்காரருக்கு அக்கா. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, இந்தக் கண்ணாடியை அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, "ஏ புஷ்பம், ஒனக்கு முதுகுலயும் கண்ணு முளைச்சிருச்சே!" என்றார். வாய் நிறையப் பொரியோடு சொன்னார். அந்த வாரமே தொடங்கிவிட்டது.

என்ன தொடங்கியதா? கண் கூச்சம். பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. பொழுது சாய்ந்து, பின்னால் வருகிறவர்கள் லைட்டைப் போட்டார்களோ இல்லையோ, கண்ணாடிக்குள் சூரியன் உதிக்கும். ஒரு சைக்கிள் டைனமோ போதும், கண்ணாடி முழுக்க வெள்ளை. எந்த வண்டி, எவ்வளவு தூரத்தில், எத்தனை வண்டி, ஒன்றும் தெரியாது. கண்ணை எடுத்து ரோட்டைப் பார்த்தால் ரோட்டிலும் ஒரு வெள்ளை உருண்டை கூடவே ஓடும்.

நான் சொல்வேன், இது மதினி கண்தான். நாள் கணக்குப் பார்த்தால் அவர் பொரி தின்றதில் இருந்துதான் வருகிறது. வேறு என்ன புதிதாக நடந்தது, சொல்லுங்கள்? ஒன்றுமே இல்லையே.

மகனுக்குப் போன் போட்டேன். "லென்ஸைத் தொடச்சீங்களாம்மா?" என்றான். "வாரம் தவறாம தொடைக்கேன்டா" என்றேன். "அப்ப பிரைட்னஸைக் கொறைங்க. ஓரத்துல பட்டன் இருக்கும்." குறைத்தேன். சூரியன் நிலாவானது. நிலா என்றாலும் கண்ணாடி அளவுக்கு நிலா. மிச்சம் எல்லாம் கறுப்பாகிவிட்டது.

சரி, நமக்குக் கண் கூசினால் என்ன செய்வோம்? சூடு என்று தெரிந்துகொள்வோம். கேமராவும் பகல் முழுக்க வெயிலில் திறந்தே கிடக்கிறது. இமை கிடையாது அதற்கு. எங்கள் வீட்டில் கண் சூட்டுக்கு விளக்கெண்ணெய்தான். வெள்ளிக்கிழமை பொட்டைத் துடைத்ததும் அதே விரலால் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தடவினேன். கதிரேசனிடம் சொல்லவில்லை. படித்த பிள்ளைகளுக்கு நம் வைத்தியம் சிரிப்பாக இருக்கும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு லைட்டுக்கும் மீசை முளைத்தது. நிஜமாகச் சொல்கிறேன். இந்தப் பக்கம் ஒரு நீட்டம், அந்தப் பக்கம் ஒரு நீட்டம், நடுவில் வானவில். நான் பயப்படவில்லை. சூடு இறங்கும்போது முதலில் கொஞ்சம் கூடித்தான் இறங்கும். அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு சொட்டாக வைத்தேன்.

அப்படியும் சரியாகாமல் கார் சாமான் கடை இத்ரீஸ் தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "எக்கா, லென்ஸ்ல ஒரே பிசுக்கா இருக்கே" என்றார்.

"விருதுநகர்ல எதுலதான் தம்பி பிசுக்கு இல்ல? காத்துலயே எண்ணெ மணக்குது" என்றேன்.

ஏதோ மருந்தை அடித்து மெல்லிய துணியால் துடைத்தார். கடையை மூடும் நேரம்வரை என்னை உட்காரவைத்து, இருட்டினதும் தன் பைக்கைப் பின்னால் நிறுத்தி லைட்டைப் போட்டுக் காட்டினார். பளிச்சென்று பைக் தெரிந்தது, நம்பர்கூடத் தெரிந்தது. "இனிமே அதுல எதுவும் படாமப் பாத்துக்கோங்கக்கா."

"நான் பட விடுவேனா தம்பி? பொட்டு வைக்கும்போதுகூட நகம் படாமத்தான் வைப்பேன்" என்றேன். அவருக்கு அந்த நேரம் பார்த்துப் போன் வந்துவிட்டது. கேட்டாரோ என்னவோ.

அந்தத் தம்பி வேலை எத்தனை நாள் தாங்கியது என்கிறீர்கள்? வெள்ளிக்கிழமை வரைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் பழையபடி சூரியன். மறுபடி போனேன், துடைத்தார், வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கியது. இந்த ரிப்பேர்க்காரர்களே இப்படித்தான், நிரந்தரமாக எதையும் செய்துகொடுக்க மாட்டார்கள். நான் அவரிடம் மூஞ்சியில் அடித்த மாதிரிச் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. கைராசிதான் இல்லை.

இனி அந்த அருப்புக்கோட்டைக் கதை. இதைத்தான் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

கார்த்திகையில் அங்கே ஒரு வரவேற்பு. முடித்துக்கொண்டு பொழுது மறைகிற நேரத்தில் கிளம்பினேன். ஊரைத் தாண்டியதுமே கண்ணாடிக்குள் சூரியன் உதித்துவிட்டது. சாதாரணச் சூரியன் இல்லை. கண்ணாடியின் இந்த மூலையில் இருந்து அந்த மூலை வரைக்கும். பெரிய லாரி ஏதோ முதுகில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நினைத்தேன். ஓரம் கட்டி வழி விட்டேன். போகவில்லை. கையை வெளியே நீட்டி, போ போ என்று ஆட்டினேன். போகவில்லை! மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வருகிறது. வேகம் எடுத்தால் அதுவும் எடுக்கிறது. பொம்பளை தனியாகப் போகிறாள் என்று யாரோ தொடர்கிறார்கள். வண்டியில் இருப்பது பூராவும் ஜிகினா, நகை இல்லை என்று அவனுக்குத் தெரியுமா?

பாலவநத்தம் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. வெளிச்சம், ஆட்கள். டக்கென்று உள்ளே திருப்பினேன். அந்தச் சூரியனும் பின்னாலேயே உள்ளே திரும்பியது. இனி ஓடி என்ன ஆகும்? கதவைத் திறந்து இறங்கினேன். கைக்குக் கிடைத்தது ஆரத்தித் தட்டுத்தான். அதை ஓங்கிக்கொண்டு, "எவன்டா அது? பொம்பள தனியாப் போனா வெரட்டிக்கிட்டே வருவியா? வாடா, எறங்கி வாடா!" என்று கத்தினேன். என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை.

"நாந்தான் புள்ள" என்றது குரல்.

பார்த்தால் என் வீட்டுக்காரர். காதில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, தன் பழைய எக்ஸெல் மொபெட்டில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வண்டியின் லைட்டு எப்படி என்றால், அது எரிகிறதா என்று பார்க்க வேறொரு லைட்டு வேண்டும்.

"நீங்க எங்க இங்க?"

"கண்ணு கூசுதுன்னியே, இருட்டுல எப்படி ஓட்டுறன்னு பாப்போம்னு கடையச் சாத்திட்டு வந்தேன். நீ எதுக்குத் தட்டைத் தூக்கிட்டு நிக்க?"

"பின்னால லாரி வருதுன்னு நெனச்சேன்."

"என்னையவா? லாரின்னா?"

"ஒரு லாரி இல்ல. ரெண்டு லாரின்னு நெனச்சேன்."

பங்க்கில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பெட்ரோல் போடுவதே நின்றுபோனது. அவர் முகத்தில் ஒரு நிமிஷம் பெருமைகூட வந்தது என்று நினைக்கிறேன். அப்புறம் கேட்டார், "அப்ப வழியெல்லாம் கைய ஆட்டுனியே, அது என்னது?"

"முந்திப் போகச் சொன்னேன்!"

"டாட்டா காட்டுதேன்னுல்லா நானும் ஆட்டிக்கிட்டே வந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் சாவியை வாங்கிக்கொண்டார். அவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. "மொபெட்டு லாரியாத் தெரியுதுன்னா, லாரி ஒண்ணுமே இல்லாமயும் தெரியலாம். இனிமே வெளக்கு வச்ச பெறகு நீ ஸ்டியரிங்கத் தொட வேண்டாம்" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு மஃப்ளரைக் கழற்றப் போய்விட்டார்.

"சைடு கண்ணாடி எதுக்கு இருக்கு? அதப் பாத்து ஓட்ட வேண்டியதுதான" என்றும் சொன்னார். சைடு கண்ணாடி சைடுக்கு. ஆபத்து பின்னால் இருந்து அல்லவா வருகிறது? இதை எப்படி அவருக்குப் புரியவைப்பது?

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். வரவேற்பு என்பது சாயங்காலம் நடப்பது. விளக்கு வைத்த பிறகு தொடக் கூடாது என்றால் என் தொழிலைத் தொடக் கூடாது என்றுதான் அர்த்தம். சாமான் ஆட்டோ ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். ஆட்டோக்காரர் பள்ளத்தில் விட்ட வேகத்தில் மயிலுக்குக் கழுத்து போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா வந்து பார்த்துவிட்டு, "இது என்ன கோழியா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொழில் மட்டும் இல்லை. நாற்பத்தாறு வயசில் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். கற்றுக்கொடுத்தவர் தினமும் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் என் பக்கத்தில் உட்காருவார். வீட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் எங்கே போகிறாய் என்று ஒரு குரல் வரும். இந்த வண்டிக் கதவைத் திறந்து உட்கார்ந்தால் வருவதில்லை. தட்டு வைக்கப் போகிறாள் என்று விட்டுவிடுவார்கள். அந்தச் சாவி அவர் சட்டைப் பைக்குள் கிடந்த நாளெல்லாம் நான் அடுப்படியில் நின்று எதையாவது கழுவிக்கொண்டே இருந்தேன். கழுவினதையே கழுவினேன்.

மதினி ஆறுதல் சொல்ல வந்தார். "விடு புஷ்பம். பொம்பளைக்கு எதுக்கு இருட்டுல ரோடு? என் தம்பி பின்னால வரப்போயி தப்பிச்ச" என்றார். தம்பி பின்னால் வந்ததால்தான் இவ்வளவும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் போனதும் வாசல் மண்ணெடுத்து வண்டியைச் சுற்றிப் போட்டேன்.

என்ன சொல்ல வருகிறீர்கள்? கேமராவையா? சோப்புத் தண்ணீர் போட்டா? நல்ல பெண் நீங்கள்! கண்ணில் சோப்பு பட்டால் எரியாதா? இதே கூச்சம் அப்புறம் எங்கே போய் நிற்கும்? வேண்டாம் அம்மா. நான் அதற்குச் செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதானே, வரும்போதுகூட நன்றாகக் குளிரக் குளிர எண்ணெய் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

கேளுங்கள். தை பிறந்து முகூர்த்தங்கள் நெருங்க நெருங்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "என்ன இருந்தா சாவியக் குடுப்பீக?"

யோசித்தார். ரசத்தைக் குடித்தார். "பின்னால பாக்க ஒரு நல்ல கண்ணு இருந்தாக் குடுப்பேன். மெசினு கண்ணு வேண்டாம், மனுசக் கண்ணு" என்றார்.

"நீங்களே வாங்க."

வந்தார். பைபாஸ் ஏறுவதற்குள் குறட்டை. பந்தியில் பாயசம் சாப்பிட்ட மனிதனைப் பின்னால் பார்க்கச் சொன்னது என் தப்புத்தான். அவராகவே வெட்கப்பட்டுக்கொண்டு, "யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வா. தனியா மட்டும் வராத" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

அதில் இருந்து இதுதான் வழக்கம். வரவேற்பு முடிந்ததும் மண்டப வாசலில் நின்று, விருதுநகர் போகிறவர்கள் யார் என்று பார்ப்பேன். முழித்துக்கொண்டிருக்கிற முகமாகத் தேடுவேன். உங்களைச் சாப்பாட்டிலேயே கவனித்துவிட்டேன். எல்லாரும் பாயசம் ரெண்டாம் தடவை வாங்கினார்கள், நீங்கள் வேண்டாம் என்றீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று நானாக வந்து கேட்டேனே, அது சும்மா கேட்டதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவேன்.

போன தடவை வந்தவர் ஒரு டிராயிங் வாத்தியார். நல்ல மனிதர்தான். ஆனால் "லாரி வருதுங்கம்மா, நீலக் கலரு, வைக்கோல் லோடு, கட்டு சரியில்ல, டிரைவரு தூக்கக் கலக்கமா இருக்காரு" என்று படம் வரைந்துகொண்டே வந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் லாரி எங்களைத் தாண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு முந்தின தடவை ஒரு அம்மா, கண்ணை மூடிக்கொண்டு வழியெல்லாம் கந்த சஷ்டி சொன்னார். பாதுகாப்புத்தான். இருந்தாலும் எனக்கு வேண்டியது திறந்த கண் இல்லையா?

அதனால் உங்களுக்கு வேலையைச் சுருக்கிவைத்திருக்கிறேன். இந்தக் கேமராக் கண்ணாடியை அணைத்துவிடுகிறேன், பாருங்கள், கறுப்பாகிவிட்டது. உங்கள் பக்கத்துச் சைடு கண்ணாடியை உங்களுக்குத் தெரிகிற மாதிரி உள்பக்கம் திருப்பிவைத்திருக்கிறேன். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது, உங்கள் கம்மல்தான் தெரிகிறது. பின்னால் வண்டி வந்தால் "வருது" என்று சொல்லுங்கள். தாண்டிப் போனால் "போயிருச்சு". இந்த ரெண்டு வார்த்தை போதும். கலர் வேண்டாம், லோடு வேண்டாம். போன் வந்தால் எடுக்க வேண்டாம், மாப்பிள்ளை வீட்டுப் போனாக இருந்தாலும் வேண்டாம்.

சரி, எடுக்கிறேன். விருதுநகர் வரைக்கும் நீங்கள்தான் எனக்குப் பின்கண். கண்ணைச் சிமிட்ட வேண்டும் என்று தோன்றினால் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள் அம்மா, நான் வண்டியை ஓரம் கட்டிவிடுகிறேன்.